குழாய் போட்ட தொண்டை

மயிலாத்தாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் என் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள், மாப்பிள்ளை. கையில் வெந்நீர் டம்ளர். நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கண் திறந்துதான் இருந்தது. பார்க்கவில்லை. கோர்ட்டிலும் இதைத்தான் சொன்னேன்.

உட்காருங்கள். டீ ஆறிப்போகிறது. நான் யாரென்று தெரிந்துதானே எழுந்தீர்கள்? தெரியட்டும். நான் நாச்சிமுத்து. உங்களுக்கு மாமனார். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்த மாமனார் இல்லை. அது என் மச்சான் குப்பண்ணன், மயிலாத்தாளுக்கு அண்ணன். நான் அப்போது கோயமுத்தூர் ஜெயிலில் இருந்தேன். பெண்டாட்டி கழுத்தை நெரித்துக் கொன்றவன் என்று குப்பண்ணன் சொல்லியிருப்பார். ஊரே சொல்கிறது. நான் அதை மறுக்க வரவில்லை. கேன்டீனில் இத்தனை பேர் இருக்கிறார்கள், பட்டப்பகல், உங்களை நான் என்ன செய்துவிடப் போகிறேன்? அரை டீ குடிக்கிற நேரம் கொடுங்கள்.

நாளைக் காலையில் என் மகள் மோகனப்பிரியாவுக்குப் பித்தப்பை ஆபரேசன். முழு மயக்கம் கொடுப்பார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்குவார்கள். எழுந்த பிறகு தொண்டை வலிக்கும். அந்த வலி அவளுக்கு வரக்கூடாது. அதைச் சொல்லத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தேன். மாடிக்குப் போகப் பார்த்தேன், வாட்ச்மேன் விடவில்லை. அவள் என் பேரை எழுதிக் கொடுத்திருக்கிறாளாம், இன்னாரை உள்ளே விடக்கூடாது என்று. சரி. அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

கேளுங்கள். முழு மயக்கத்தில் ஆள் தானாக மூச்சு விடமாட்டான். அதனால் வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் போகும். அதன் நுனியில் சின்ன பலூன் இருக்கும். உள்ளே போனதும் அதில் காற்றடித்து உப்ப வைப்பார்கள், பக்கத்தில் காற்று கசியாமல் இருக்க. குழாய் பெரிதாக இருந்தால் உரசும். பலூனில் காற்று கூடினால் சதையை அழுத்தும். அழுத்தின இடத்தில் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத இடம் புண்ணாகும். கழுத்து மாதிரி மிருதுவான இடம் உடம்பில் வேறில்லை மாப்பிள்ளை. கொஞ்சம் கூடினாலே போதும்.

ஆகவே நீங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். பெண்பிள்ளைக்குத் தகுந்த சின்னக் குழாயாகப் போடுங்கள். பலூனை விரலால் அமுக்கிப் பார்த்துக் குத்துமதிப்பாக விடாதீர்கள், மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். புதுக் கை வேண்டாம், பழகின கை இறக்கட்டும். அப்புறம், இதோ, அதிமதுரம். பாட்டுக்காரர்கள் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்களே, அதே குச்சிதான். தட்டிப் போட்டுக் காய்ச்சி வடிகட்டி, மயக்கத்துக்கு முன்னால் கொப்பளித்துத் துப்ப வேண்டும். துப்பத்தான் வேண்டும், ஒரு சொட்டு விழுங்கக் கூடாது. வயிறு காலியாக இருக்கணும். இதையும் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் செய்யணும்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கற்றுக்கொண்டேன். படிப்பு என்று பார்த்தால் நான் மூன்றாவது தாண்டவில்லை. உள்ளே இருந்த காலத்தில் ஜெயில் டாக்டரைக் கேட்டேன், கம்பவுண்டரைக் கேட்டேன், ஆபரேசன் முடிந்து வந்த ஒவ்வொரு கைதியையும் வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன். ஒருத்தன் கிண்டலாக, "தொண்டை நாச்சி, பொண்டாட்டி தொண்டையப் புடிச்சவன் இப்போ எங்க தொண்டையப் புடிக்கறான்" என்றான். அவன் காதில் ஒரு துண்டு இப்போது இல்லை. தனிக்கொட்டடியில் போட்டார்கள். கொட்டடியை விட்டு வெளியே வந்ததும் மறுபடி கேட்க ஆரம்பித்தேன்.

மயிலாத்தாளுக்கும் இதே கல்தான். அம்மாவுக்கு இருந்தது மகளுக்கும் வந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். நான் நடிப்பு என்று நினைத்தேன். பண்ணையத்து வேலைக்குப் பயந்து படுக்கிறாள் என்று நினைத்தேன். கை வைத்தேன். வைத்தால் எழுந்துவிடுவாள், எழுந்து போய்ச் சாணி அள்ளுவாள். எழுந்துவிட்டாள் என்றால் நோய் இல்லை என்றுதானே அர்த்தம்? நான் மாட்டுத் தரகன். படுத்த மாட்டை வாலை முறுக்கிப் பார்ப்போம். எழுந்தால் நோய் இல்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான் பார்ப்பது. அவள் எழுந்துகொண்டே இருந்தாள், நான் என்ன செய்ய? கண் மஞ்சளான பிறகுதான் நம்பினேன். நம்பினதும் கூட்டிக்கொண்டு போனேன். அதையும் சொல்லுங்கள். கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

அது இந்த ஆஸ்பத்திரி இல்லை. அது இருந்த கட்டிடத்தையே இடித்துவிட்டார்கள். முந்தின நாள் மயக்க டாக்டரம்மா வந்து மயிலாத்தாளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "எத்தனை பல்லுன்னு சொல்லுங்கம்மா, நான் வயசு சொல்லிப்போடறேன்" என்றேன். மாட்டுக்குப் பல்லை எண்ணித்தானே நாங்கள் வயசு சொல்வது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. மயிலாத்தாள் சிரித்தாள். வாயைத் திறந்தபடியே சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

டாக்டரம்மா விரலை விட்டு முன்பல்லை ஆட்டிப் பார்த்தார். "இது ஏம்மா ஆடுது? குழாய் போடும்போது விழுந்துட்டா மூச்சுக்குழல்ல போயிரும். எப்படி ஆச்சு?"

"மாடு தலையை ஆட்டுச்சுங்க. பட்டுருச்சு" என்றேன் நான்.

"நான் அவங்களைக் கேட்டேன்."

மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள். "ஆமாங்க. மாடுதானுங்க" என்றாள்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு என்மேல் வன்மம் வந்துவிட்டது. நான் கோர்ட்டில் இதைச் சொன்னேன், யாரும் எழுதிக்கொள்ளவில்லை. என்மேல் இருந்த வன்மத்தில்தான் அவர் குழாயை அப்படி முரட்டுத்தனமாக இறக்கியிருக்க வேண்டும்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மயிலாத்தாளை வெளியே கொண்டுவந்தார்கள். மத்தியானம் கண்ணைத் திறந்தாள். வயிற்றைத் தொடவில்லை மாப்பிள்ளை, தொண்டையைத் தொட்டாள். வாயை அசைத்தாள், காற்றுதான் வந்தது. "வயித்துல ஆபரேசன் பண்றதுக்குத் தொண்டையில என்னடி?" என்றேன். கண்ணில் தண்ணீர் நின்றது அவளுக்கு. எச்சில் விழுங்கும்போது முகத்தைச் சுளித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்தேன். கட்டில் தள்ளுகிற ஆள் ஒருத்தன் எதிரே வந்தான். "எவன்டா எம் பொண்டாட்டி தொண்டையக் கிழிச்சது?" என்று அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினேன். அவன் தலை சுவிட்சுப் பலகையில் பட்டு, விளக்கெல்லாம் அணைந்துபோயிற்று. அவன் ஒன்றும் பண்ணவில்லை, தெரியும். ஆனால் யாராவது ஒருத்தன் பதில் சொல்லணுமில்லையா? ரத்தம் கொஞ்சம்தான் வந்தது. தையல் போட ஆஸ்பத்திரியிலேயே ஆள் இருந்தார்கள்.

டாக்டரம்மா ஓடி வந்தார். என்னிடம் பேசவில்லை. நேராக மயிலாத்தாள் கட்டிலுக்குப் போனார். "குழாய் போட்டதால வர்ற வலிம்மா. ரெண்டு நாள்ல சரியாப் போயிரும். வெதுவெதுன்னு உப்புத் தண்ணி கொப்பளிங்க. இந்த ரெண்டு நாளும் பேசாதீங்க. யாரு கேட்டாலும் பேச வேண்டாம்" என்றார்.

யார் கேட்டாலும். அப்படித்தான் சொன்னார். கட்டின புருசன் கேட்டாலும் என்று அதில் சேர்த்தியா இல்லையா? வாழ்நாளில் யார் சொன்ன பேச்சையும் மயிலாத்தாள் அவ்வளவு ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. தலையை ஆட்டினாள். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி இருந்தது முகம்.

இப்போது நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் தறி ஓட்டுகிறவர், உங்களுக்குச் சந்தை தெரியாது. மாட்டுச் சந்தையில் நாங்கள் வாயால் பேரம் பேசமாட்டோம். கையின்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடிப்போம். எந்த விரல், எத்தனை விரல், எப்படிப் பிடிக்கிறோம் என்பதுதான் பேச்சு. வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், உள்ளே விரல் பேசிக்கொண்டிருக்கும். ஒத்துவந்தால் கையைக் குலுக்குவோம். ஒத்துவராவிட்டால் துண்டைப் பைய எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடணும். ஆனால் பேரத்தின் நடுவில் துண்டை உருவி எதிராளி பக்கமாக எறிந்தால், அது வேறு. உன்னோடு இனி ஒன்றுமில்லை, நீ ஆளே இல்லை என்று அர்த்தம். நாலு பேர் பார்க்க எறிவது. செருப்பால் அடித்தமாதிரி.

ரங்கன் என்று ஒரு தரகன் எனக்கு ஒரு தடவை அப்படி எறிந்தான். காங்கேயம் காளை ஒரு ஜோடி. நான் சாட்டைக் கம்பைத் திருப்பிப் பிடித்தேன், பித்தளைப் பூண் போட்ட பக்கம். தாடையில் ஒன்று, விழுந்த பிறகு முழங்காலில் ஒன்று. தாடை உடைகிற சத்தம் முறுக்குக் கடிக்கிற சத்தம் மாதிரிதான் இருக்கும். மாடுகளெல்லாம் மிரண்டு கயிற்றை இழுத்தன. சந்தையே நின்றுவிட்டது. பஞ்சாயத்தில், "தப்பு ரங்கன் மேல. துண்டை எறிஞ்சுட்டான்ல?" என்று பெரியவர்களே சொன்னார்கள். அன்றிலிருந்து என் துண்டைத் தொட்டு ஒருத்தனும் விளையாடியதில்லை. இது மயிலாத்தாளுக்குத் தெரியும். ரத்தத் துண்டைத் துவைத்துப் போட்டதே அவள்தான்.

ஆபரேசன் முடிந்த மறுநாளே வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அதற்கடுத்த நாள் சந்தை. நான் போய்விட்டுச் சாயங்காலம் வந்தேன். வாசலில் சைக்கிள் தடம். "யாரு வந்தது?" என்றேன். பதில் இல்லை. மோகனா பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள், டியூசன் முடிந்துதான் வருவாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி வேலியோரம் நின்று, "உம்பட மச்சான் வந்துட்டுப் போனாப்ல. தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாப்ல" என்றாள்.

உள்ளே போனேன். அப்போதுதான் அவள் அப்படி உட்கார்ந்திருந்தாள், முதலில் சொன்னேனே, அந்தக் கோலத்தில். நல்ல துண்டு ஒன்றை விட்டுவிட்டு அன்றைக்குச் சந்தைக்குப் பழசைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அந்த நல்ல துண்டு அவள் கழுத்தில் இருந்தது, தொண்டைக்குச் சூடாக இருக்கட்டும் என்று. நான் கோபப்படவில்லை. நல்ல விதமாகத்தான் கேட்டேன்.

"உங்கண்ணன் வந்தானா?"

தலையை ஆட்டினாள்.

"கூப்பிட்டானா?"

ஆட்டினாள்.

"போறயா, இருக்கயா?"

பேசவில்லை. ஆட்டவும் இல்லை. இதற்கு எப்படித் தலையாட்டுவது என்று நீங்கள் கேட்கலாம். என் வக்கீலும் அதைத்தான் கேட்டார். போகிறேன் என்றும் தலையாட்டலாம், இல்லை என்றும் தலையாட்டலாம், ஆட்டத் தெரியாதவளா? இரண்டு விரலைக் காட்டினாள். டாக்டரம்மா சொன்ன இரண்டு நாளைச் சொன்னாள் என்று பிறகு வக்கீல் சொன்னார். இருக்கலாம். இரண்டு நாளில் போகிறேன் என்றும் இருக்கலாம். விரலைப் பார்த்தே ஜோடிக் காளைக்கு விலை சொல்கிற எனக்கு, என் வீட்டுக்காரியின் விரல் விளங்கவில்லை.

"வாயத் தொறந்து சொல்லுடி" என்றேன். ஓர் அறை விட்டேன். டம்ளர் உருண்டது. அந்தப் பல் அன்றைக்கு விழுந்துவிட்டது. டாக்டரம்மா பயந்த பல். அவள் கத்தவில்லை மாப்பிள்ளை. எப்போதும் கத்துகிறவள் இல்லைதான், இருந்தாலும் ஒரு "ஐயோ" வரும், ஒரு "மாமா" வரும். அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை. வாயில் ரத்தத்தோடு என்னையே பார்த்தாள். இன்னொன்று விட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கழுத்திலிருந்து துண்டை உருவினாள். உருவி என் மார்பில் எறிந்தாள்.

எறிந்தாள். கொடுக்கவில்லை. கொடுத்தாள் என்று மோகனா நினைக்கிறாளாம், குப்பண்ணன் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். துண்டுக்காகத்தான் நான் அடிக்கிறேன் என்று நினைத்து, இந்தா வைத்துக்கொள் என்று கொடுத்தாளாம். எனக்குத் தெரியாதா எறிவது எது, கொடுப்பது எது? நான் முப்பது வருசத் தரகன்.

அதன் பிறகு என் இரண்டு கையும் அவள் கழுத்தில் இருந்தன. "சொல்லு, சொல்லு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நெரிக்கிறேன் என்று நான் நினைக்கவில்லை. பேச்சு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, அமுக்கினால் வெளியே வந்துவிடும் என்பது மாதிரி இருந்தது. அவள் காலால் சுவரை உதைத்தாள். அரிவாள்மணை சாய்ந்து அவள் முழங்காலைக் கிழித்தது. அதையும் நான் செய்தேன் என்று எழுதிவிட்டார்கள். அது நான் செய்யவில்லை.

மோகனாதான் முதலில் வந்து பார்த்தாள். பையோடு வாசலில் நின்றாள். அவளும் கத்தவில்லை. "கண்ணு, அம்மாவுக்கு மயக்கம்" என்றேன். பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து போனாள், என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல். அப்புறம் ஓடுகிற சத்தம் கேட்டது. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான், இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

குப்பண்ணன் ஆட்களோடு வந்தார். என்னைக் கட்டுத்தறியில் கட்டிப் போட்டு அடித்தார்கள். மாட்டைக் கட்டுகிற முளையில். இரண்டு விலா போயிற்று, இந்தக் கண் பாதி போயிற்று. போலீஸ் வந்தபோது எனக்கு நினைவில்லை. அதற்கு ஒரு கேசும் இல்லை பாருங்கள்.

கோர்ட்டில் டாக்டரம்மா வந்து சாட்சி சொன்னார். குழாயால் வருகிற புண் சாதாரணமானது, அதற்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்றார். பிரேதத்தை அறுத்த டாக்டரும் சொன்னார், கழுத்துக்கு வெளியே விரல் தடம், உள்ளே எலும்பு முறிவு, குரல்வளையில் மட்டும் பழைய சிவப்பு என்று. நான் எழுந்து நின்று கேட்டேன். "ஐயா, வெளியே இருந்த காயத்தை எல்லாரும் பேசறீங்க. உள்ளே சிவந்திருந்ததை ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க. அது இல்லைன்னா அவ பேசியிருப்பா. பேசியிருந்தா வெளியே இருந்த காயம் எப்படி வரும்?" ஜட்ஜ் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். ஆயுள் கொடுத்தார்.

ஒன்று சொல்லணும். உள்ளே இருக்கும்போது எனக்கே குடலிறக்கத்துக்கு ஆபரேசன் நடந்தது. எனக்கும் முழு மயக்கம், எனக்கும் குழாய். எழுந்ததும் தொண்டையில் முள்ளுக் கட்டைச் சொருகினமாதிரி இருந்தது. அப்பாடா, இதுதானா அவள் பட்டது என்று நினைத்தேன். அப்புறம் வார்டரைப் பார்த்து, "தண்ணி" என்றேன். வந்தது மாப்பிள்ளை. கரகரவென்று, தவளை மாதிரி, ஆனால் வந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை. கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டேன். அவளாலும் முடிந்திருக்குமே! "போகலை" என்ற ஒரு வார்த்தை. அவ்வளவுதானே நான் கேட்டது?

என்ன? "போறேன்" என்று சொல்லியிருந்தால் என்றா கேட்கிறீர்கள்?

அவள் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள். விடுங்கள்.

இந்த ஆஸ்பத்திரி மயக்க டாக்டரை நேற்றே பார்த்துவிட்டேன். நான் மகளுக்கு அப்பன் என்று சொல்லவில்லை, பொதுவாக விசாரிக்கிற மாதிரிக் கேட்டேன். சின்ன வயசு, நல்ல பிள்ளை. "தாத்தா, நீங்க சொல்ற எல்லாமே நாங்க பண்றோம். சின்னக் குழாய்தான். காத்த அளந்துதான் வைக்கிறோம். எடுக்கும்போது எச்சிலைப் பதமா உறிஞ்சிட்டுத்தான் எடுப்போம். கவலைப்படாதீங்க" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கிளம்பத் திரும்பினேன். அப்போது அந்தப் பிள்ளை, "என்ன பண்ணினாலும் சில பேருக்குக் கொஞ்சம் வலி வரத்தான் செய்யும். ரெண்டு நாள்ல போயிரும்" என்றார்.

ரெண்டு நாள்.

நேற்றிலிருந்து நான் சாப்பிடவில்லை மாப்பிள்ளை. சில பேருக்கு வரும் என்றால் என் மகளுக்கு ஏன் வராது? அவள் தாயின் தொண்டைதானே அவளுக்கும். குழாயைக் குறைக்கலாம், காற்றை அளக்கலாம், அதிமதுரம் கொப்பளிக்கலாம். எல்லாம் செய்த பிறகும் வந்தால்? அவள் வீட்டுக்கு வந்து, வெந்நீரை வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உங்களையே பார்த்தால்?

அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன், டாக்டரை இல்லை. நீங்கள் இரண்டு நாள் வீட்டுக்குப் போகாதீர்கள். தறிக்குடோனில் படுத்துக்கொள்ளுங்கள். அவளைக் குப்பண்ணன் வீட்டில் விடுங்கள், உங்கள் அம்மா வீட்டில் விடுங்கள். எங்கே வேண்டுமானாலும். அவள் வாயிலிருந்து பேச்சு வருகிறது என்று பக்கத்தில் இருக்கிறவர்கள் சொன்ன பிறகு நீங்கள் போனால் போதும். அதுவரை அவள் முன்னால் நிற்காதீர்கள். ஒன்றும் கேட்காதீர்கள்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

"அவ பேசாட்டி என்னுங்க? நானும் பேசாம உக்காந்திருப்பேன்" என்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நல்லவர்தான் நீங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நானும் நல்லவனாகத்தான் அன்றைக்குச் சந்தையிலிருந்து வந்தேன். அவளுக்கு ஆரஞ்சுகூட வாங்கி வந்தேன். ஆம்பிளைக்குக் கை எப்போது எழும் என்று அந்தக் கைக்கே தெரியாது. உங்களுக்கு ஒரு தடவைகூட எழவில்லையா? கல்யாணமாகி இத்தனை வருசத்தில் ஒரு தடவைகூட? பொய் சொல்லாதீர்கள். நான் குப்பண்ணனிடம் போய்ச் சொல்லப் போவதில்லை. என்னிடம் சொல்லலாம். நான் ஒருத்தன்தானே உங்களைப் புரிந்துகொள்ள முடியும்?

இல்லையா? ஒரு தடவைகூடவா?

அப்படி ஒரு ஆம்பிளை இருக்கிறான் என்று என்னை நம்பச் சொல்கிறீர்கள்.

சரி, நம்புகிறேன். ஆனால் வாய்ப்பேச்சு எனக்குப் போதாது. கையைக் கொடுங்கள். இப்படித் துண்டுக்குள்ளே. இந்த விரலைப் பிடியுங்கள். இரண்டு நாள், தள்ளி நிற்பேன் என்று பிடியுங்கள். பயப்படாதீர்கள், இது சத்தியம் மாதிரி. எங்கள் ஆட்கள் இதை மீறமாட்டார்கள். பிடியுங்கள். ஏன் இழுக்கிறீர்கள்? கையை இழுக்காதீர்கள் மாப்பிள்ளை. நான் நல்ல விதமாகத்தானே கேட்கிறேன்? என் மகள் உயிரைக் கேட்கிறேன், வேறு என்ன கேட்கிறேன்? போகிறேன் தள்ளி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன். என்னையே பார்க்காதீர்கள். சொல்லுங்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள். டேய், சொல்லுடா!

...

அடிக்கவில்லை. யாரும் பதறாதீர்கள். கை ஓங்கினேன், அவ்வளவுதான். டீ கிளாஸ் தானாக விழுந்தது. அவர் நெற்றியில் பட்டது கிளாஸ் தூள், என் கை இல்லை. வாட்ச்மேன் ஐயா, தோளை விடுங்கள், நானே நடக்கிறேன். எனக்கு வயசாகிவிட்டது, ஓடமாட்டேன்.

மாப்பிள்ளை, அந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு மேலே போங்கள். அவள் கேட்டால் வழுக்கிவிட்டது என்று சொல்லுங்கள். பார்த்தீர்களா, நீங்கள் திருப்பி அடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையை மடக்கினீர்கள், மறுபடி விரித்துவிட்டீர்கள். அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது என்றும் தெரியவில்லை.

இழுக்காதீர்கள் ஐயா, வருகிறேன். இன்னும் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு வருகிறேன்.

மயிலாத்தாளுக்கு ஒரு போட்டோகூட இல்லை, மாப்பிள்ளை. கல்யாணப் படத்தில் பக்கத்தில் நான் நிற்கிறேன் என்று குப்பண்ணன் எரித்துவிட்டார். அவள் சீலை, பாத்திரம் எல்லாம் கேசு முடிந்ததும் யார் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்குக் கூரை இல்லை. அவளுடையது என்று இப்போது மிச்சம் இருப்பது மாடியில், பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறது.